எண் வரும் வரை

மார்ச் 3, திங்கள்

நான்காம் கட்டில். தைராய்டின் சி செல் சுரக்கும் கேல்சிடோனின் 640 பிக்கோகிராம், புற்றுக் குறியீடான சி.இ.ஏ. 38. இரண்டும் சேர்ந்து ஏறினால் தைராய்டின் சி செல்லில் பிறந்த மெடுல்லரி புற்று என்பதில் சந்தேகம் அதிகமில்லை. அமிலம் குறைக்கும் மாத்திரை கேல்சிடோனினைக் கொஞ்சம் ஏற்றும்தான். ஆனால் 640 வரை ஏற்றாது. 500-ஐத் தாண்டினால் கழுத்தோடு நிறுத்த முடியாது, நெஞ்சுக்கும் ஈரலுக்கும் ஸ்கேன். எடுத்தாயிற்று, வேறெங்கும் இல்லை.

எல்லோரும் தியேட்டர் தேதி கேட்கிறார்கள். மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் உடைந்து வரும் பொருள்) முடிவு வராமல் தேதி கிடையாது. இந்தப் புற்று பரம்பரையாக வந்ததென்றால் அட்ரினலில் ஒரு ஃபியோகுரோமோசைட்டோமா, ரத்த அழுத்தத்தை ஏற்றும் கட்டி, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். தெரியாமல் மயக்கமருந்து கொடுத்தால் கழுத்தைத் திறக்கும் முன்பே ரத்த அழுத்தம் கூரையில் நிற்கும். இருந்தால் அட்ரினல் முதலில், கழுத்து பிறகு. ஆல்ஃபா தடுப்பு மருந்து 10 முதல் 14 நாள், அதன் பின்னரே பீட்டா. வரிசை மாறினால் மருந்தே ஆளைக் கொல்லும்.

இந்தப் புற்றைப் பரம்பரையாகக் கடத்தும் ரெட் மரபணுவின் பரிசோதனைக்கும் எழுதியாயிற்று. ஒரே மகள். மே மாதம் ஐந்து வயது முடிகிறது.

மார்ச் 4, செவ்வாய்

மெட்டாநெஃப்ரினுக்கு உட்கார வைத்தே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். 20, 30 நிமிடம் படுக்க வைத்து எடுக்க வேண்டியது. உட்கார்ந்தாலே ஏறும். திருப்பி எடு.

மார்ச் 5, புதன்

ஒன்பதாம் கட்டில், கணையத் தலையில் கட்டி. காமாலை காட்டும் பிலிருபின் 14, புற்றுக் குறியீடு சி.ஏ. 19-9 1,140. வார்டில் எல்லோர் முகமும் தொங்கிவிட்டது, இவ்வளவு ஏறினால் பரவியிருக்கும் என்று. யார் இப்போது அதை அனுப்பச் சொன்னது? பித்தநாளம் அடைத்திருக்கும்போது சி.ஏ. 19-9 வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கும். புற்றே இல்லாத வெறும் கல் அடைப்பிலும் ஆயிரத்தைத் தொடும். பிலிருபின் இறங்கிய பின் வரும் எண்தான் எண்.

மறுபக்கமும் உண்டு. லூயிஸ் ரத்த வகை நெகட்டிவ் ஆனவர்கள், நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேர், இந்தச் சர்க்கரைச் சங்கிலியைச் செய்யவே மாட்டார்கள். கணையம் முழுக்கப் புற்றாக இருந்தாலும் 37-க்குக் கீழேயே நிற்கும். 'நார்மல்' என்று வந்தால் நிம்மதிப்படக் கூடாத சோதனை இது.

மஞ்சள் காமாலை என்றாலே ஸ்டென்ட் வைக்கும் பழக்கம் சரியில்லை. 2010-இல் வந்த ஆய்விலேயே தெரிந்துவிட்டது: நேராக அறுவைக்குப் போனவர்களில் கடுமையான சிக்கல் 39 சதவீதம், முதலில் வடித்துவிட்டுப் போனவர்களில் 74. ஆனால் இவருக்குக் குளிர்க்காய்ச்சல், பித்தநாளத்தில் சீழ். ஸ்டென்ட் தவிர வழியில்லை. உலோக ஸ்டென்ட், நீளம் குறைந்தது. பிளாஸ்டிக் வேண்டாம், சீக்கிரம் அடைக்கும்.

மார்ச் 6, வியாழன்

ஜாடி. மறுபடியும் ஜாடி.

வலப்பக்கப் பெருங்குடல், 22 செ.மீ. துண்டு, அதை ஏறக்குறைய அதே அளவுள்ள ஜாடியில் திணித்து மேலே நாலு விரல் ஃபார்மலின் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். திசுவைப் போல் பத்து மடங்கு வேண்டும், 10 சதவீத பஃபர் கலந்த ஃபார்மலின். குடலை நீளவாக்கில் திறந்திருக்க வேண்டும், கட்டி இருக்கும் இடத்தை வெட்டாமல். உடம்பிலிருந்து வெளியே வந்து ஒரு மணிக்குள் திரவத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஃபார்மலின் ஒரு மணி நேரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே உள்ளே போகும். இங்கே ஓரம் வெந்து நடு அழுகியிருக்கிறது.

பலன்: டி.என்.ஏ. பிழைதிருத்தும் புரதமான எம்.எல்.எச்.1-இன் சாயம் கட்டியில் ஏறவில்லை. 'புரதம் இழப்பு' என்று எழுத ஒரு கை துடித்தது. பக்கத்தில் இருக்கும் லிம்ஃபோசைட்டைப் பார், அதிலும் சாயம் இல்லை. நல்ல செல்லிலேயே ஏறாத சாயம் கட்டியில் ஏறாததற்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை. ஓரத்து பிளாக்கில் (மெழுகில் பதித்த திசு) திரும்பப் போடச் சொல்லியிருக்கிறது.

நெறிக்கட்டு 9 தான் கிடைத்ததாம். 12 கிடைக்கும் வரை கொழுப்பைத் தடவிக்கொண்டே இருக்கட்டும். 9-ஐ வைத்து 'பரவவில்லை' என்று எழுதுவது தேடவில்லை என்று எழுதுவதுதான்.

மார்ச் 7, வெள்ளி

மெட்டாநெஃப்ரின் நார்மல். சீரம் கேல்சியமும் நார்மல். திங்கள் காலை முதல் கேஸ்.

ரெட் வரவில்லை.

மார்ச் 8, சனி

பாப்பிலரி தைராய்டு, முழுச் சுரப்பியும் எடுத்து நான்கு வருடம். தைராய்டுத் திசு மட்டுமே செய்யும் தைரோகுளோபுலின் 0.1-க்குக் கீழே. நான்கு வருடமாக அதே 0.1-க்குக் கீழே. அட்டையில் ஒவ்வொரு முறையும் 'மிக நன்று' என்று ஒரு கையெழுத்து.

பக்கத்துக் கட்டத்தை ஒருவரும் படிக்கவில்லை. எதிர்ப்புரதம் 22, 60, கடைசியாக 140.

தைரோகுளோபுலினுக்கு எதிர்ப்புரதம் இருந்தால், சோதனையின் இரண்டு ஆன்டிபாடிக்கு நடுவே சிக்க வேண்டிய தைரோகுளோபுலினை அது முன்பே போர்த்திவிடும். இருப்பதை இல்லை என்று கருவி சொல்லும். புற்றுள்ளவர்களில் நாலில் ஒருவருக்காவது இது உண்டு. அவர்களுக்கு அந்த 0.1 வெறும் மை. அவர்களிடம் எதிர்ப்புரதம்தான் குறியீடு: தைராய்டுத் திசு போய்விட்டால் வருடக்கணக்கில் மெல்ல இறங்கி மறையும், ஏறினால் எங்கோ திசு இருந்து அதைத் தூண்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு சிக்கல். 60-க்கும் 140-க்கும் நடுவே ஆய்வகம் கிட் மாற்றியிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் 60 இன்னொன்றில் 140 ஆகலாம், 30-உம் ஆகலாம். உறைய வைத்த பழைய சீரத்தை எடுத்து, பழையதும் புதியதும் ஒரே நாளில், ஒரே கருவியில். முடி கொட்டுவதற்கு பயோட்டின் சாப்பிடுகிறாரா என்றும் கேட்கவேண்டும். சாப்பிட்டால் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு எடுக்கணும். இல்லையென்றால் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். கூடப் பொய் சொல்லும்.

மார்ச் 10, திங்கள்

நான்காம் கட்டில். முழுத் தைராய்டு, நடுக்கழுத்து நெறிக்கட்டுகள், வலப் பக்கவாட்டு நெறிக்கட்டுகள். நாலரை மணி நேரம்.

கட்டி இருக்கும் வலப்பக்கம் முதலில். நரம்பு மானிட்டரில் வேகஸ் நரம்பில் முதல் அலை, பிறகு குரல்வளை நரம்பில், சுரப்பியை எடுத்த பின் மறுபடி நரம்பில், கடைசியாக மறுபடி வேகஸில். இந்த நான்கும் எழுதப்படவில்லை என்றால் மானிட்டர் போட்டதற்கே பொருளில்லை. ஆரம்ப அலை 500 மைக்ரோவோல்ட்டாவது இருக்க வேண்டும், 100-க்குக் கீழே போனால் சிக்னல் போனது.

போனது. சுரப்பியை மூச்சுக்குழாயோடு கட்டும் பெர்ரி தசைநார் அருகே. நரம்பு வெட்டுப்படும் இடத்தைவிட இழுபடும் இடம் அதுதான். சுரப்பியை உள்பக்கமாக இழுக்கும்போது நரம்பு தசைநாரோடு சேர்ந்து வளைந்து நீளும், கண்ணுக்கு முழுசாகத் தெரியும், வேலை செய்யாது. ஆனால் உடனே நரம்பைக் குற்றம் சொல்லக்கூடாது. குரல்வளையின் கிரிகாய்டு குருத்தெலும்புக்குப் பின்னால் விரலை வைத்துத் தூண்டினால் தசை துடிக்கிறதா? துடித்தது. அப்படியென்றால் நரம்பு வேலை செய்கிறது, மூச்சுக்குழாயின் எலெக்ட்ரோடு திரும்பியிருக்கிறது. மயக்கவியலார் குழாயைக் கொஞ்சம் சுற்றினார், அலை 720. துடிக்காமல் இருந்திருந்தால் இடப்பக்கத்தை இன்று தொட்டிருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் போனால் தொண்டையில் துளைதான்.

கேல்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு நான்கில் மூன்று ரத்த ஓட்டத்தோடு நிற்கிறது. நாலாவது, வலக்கீழ், நெறிக்கட்டுக் கொழுப்போடு வந்துவிட்டது. ஓரத்தில் ஒரு சிறு துண்டை உறைநிலைப் பரிசோதனைக்கு அனுப்பி, புற்றேறிய நெறிக்கட்டு இல்லை என்று உறுதி ஆன பின், ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக் கழுத்துத் தசையில் பதித்தாயிற்று. அவசரத்தில் நெறிக்கட்டைப் பதித்தால் புற்றை நாமே நட்டதாகும்.

இரவுப் பணி சிஸ்டரிடம் சொன்னது: கட்டிலருகே தையல் பிரிக்கும் கத்தரி. கழுத்து வீங்கி மூச்சு இரைந்தால் தியேட்டருக்கு ஓடாமல் அங்கேயே தோலையும் தசைத் தையலையும் பிரித்து ரத்தக் கட்டியை வெளியே எடுங்கள். பிறகு கூப்பிடுங்கள்.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று நான்கு மணி நேரம் கழித்து எடுத்த பாராதைராய்டு ஹார்மோன் 6. பதினைந்துக்கு மேல் இருந்திருந்தால் நிம்மதி. கேல்சியம் இன்று காலை 8.4, நன்றாகத்தான் இருக்கிறது. அதை நம்பி வீட்டுக்கு அனுப்பினால் நாளை இரவு விரல் இழுக்கும். அடிமட்டம் 24 முதல் 72 மணிக்குள் வரும். இழுக்கும் வரை காத்திருக்காமல் கேல்சியம் கார்பனேட் ஒரு கிராம் மூன்று வேளை, கேல்சிட்ரியால் அரை மைக்ரோகிராம் இரண்டு வேளை.

மார்ச் 12, புதன்

உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறதாம். 7.3. கேல்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம், 10 மி.லி., பத்து நிமிடத்தில், ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே. மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தோல் வெந்துவிடும். மெக்னீசியமும் பார்க்கச் சொன்னது. அது குறைவாக இருந்தால் எவ்வளவு கேல்சியம் ஊற்றினாலும் நிற்காது.

குரல் தெளிவு.

மார்ச் 13, வியாழன்

லெவோதைராக்சின் எடைக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். கேல்சியம் மாத்திரையிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி. யாரோ டி.எஸ்.எச்.-ஐ 0.1-க்குக் கீழே அழுத்தச் சொல்லி எழுதியிருக்கிறார்கள், அடித்தாயிற்று. சி செல் டி.எஸ்.எச். பேச்சைக் கேட்பதில்லை. அயோடினையும் வாங்காது. பாப்பிலரிக்கான சீட்டை மெடுல்லரிக்கு ஒட்டாதீர்கள்.

மார்ச் 14, வெள்ளி

குடல், ஓரத்து பிளாக். லிம்ஃபோசைட்டில் சாயம் பளிச்சென்று. கட்டியில் எம்.எல்.எச்.1 இல்லை, பி.எம்.எஸ்.2 இல்லை. இப்போது சொல்லலாம்: இழப்பு. பிராஃப் மரபணுவில் வி600ஈ பிறழ்வு பாசிட்டிவ். ஆகவே பெரும்பாலும் லிஞ்ச் பரம்பரை நோய் இல்லை, மரபணுவின் முன்வாசல் மெத்தில் ஏறி அடைபட்டது. குடும்பத்தையே கூப்பிட்டுக் கலவரப்படுத்த வேண்டாம். நெறிக்கட்டு 17 ஆகிவிட்டது (9 எங்கே, 17 எங்கே), எல்லாம் சுத்தம். இரண்டாம் நிலை, பிழைதிருத்தும் புரதம் இழந்தது. ஃப்ளூரோயுரசில் தனியாகக் கொடுத்துப் பயனில்லை.

பாப்பிலரி தைராய்டிலும் இதே வி600ஈ தான், எழுத்துக்கு எழுத்து. அங்கே பத்தில் ஐந்தாறு பேருக்கு இருக்கும், பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள். குடலில் பரவிய நோயில் வந்தால் மிக மோசம். பிராஃபை மட்டும் அடைத்தால் குடல் செல் ஈ.ஜி.எஃப்.ஆர். வழியாகச் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்துவிடும், அதனால்தான் அங்கே என்கோராஃபெனிபோடு செட்டுக்சிமாப் சேர வேண்டும். பிறழ்வு ஒன்று, குடியிருக்கும் வீடு வேறு. அறிக்கையில் பிறழ்வின் பெயரை மட்டும் படிப்பவர்கள் உறுப்பின் பெயரையும் படித்தால் நன்றாக இருக்கும்.

மார்ச் 17, திங்கள்

ரெட் ஏன் வரவில்லை என்று இன்று தெரிந்தது. ரத்தத்துக்குப் பதில் கட்டியின் பிளாக்கை அனுப்பியிருக்கிறார்கள்.

கட்டியில் ரெட் பிறழ்வு இருந்தால் அது கட்டிக்குள்ளேயே பிறந்ததாக இருக்கலாம். மகளுக்குப் போயிருக்கிறதா என்பதை ரத்தம்தான் சொல்லும். பரம்பரையென்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிறழ்வின் இடம் கோடான் 918 என்றால் முதல் வயதிலேயே சுரப்பியை எடுத்திருக்க வேண்டும். 634 என்றால் ஐந்து வயதிலோ அதற்கு முன்போ. மற்றவற்றில் பெரும்பாலும் கேல்சிடோனினைப் பார்த்துக்கொண்டே காத்திருக்க இடம் உண்டு.

பதினான்கு நாள் போயிற்று. ரத்தம் இன்று போனது.

மார்ச் 19, புதன்

பாப்பிலரியின் எதிர்ப்புரதம், பழைய சீரமும் புதிய சீரமும் ஒரே கருவியில்: 58, 97, 151. கிட் பாதிப் பொய், பாதி உண்மை. ஏறுவது நிஜம்.

மார்ச் 21, வெள்ளி

அல்ட்ராசவுண்டில் இடக்கழுத்தின் நாலாம் மட்டத்தில் 9 மி.மீ. நெறிக்கட்டு, நடுக்கொழுப்பு இல்லை, சுண்ணாம்புப் புள்ளிகள். ஊசியால் செல்களை உறிஞ்சி எடுத்த பின் அதே ஊசியை ஒரு மி.லி. உப்புநீரில் அலசி அந்த நீரில் தைரோகுளோபுலின் பார்க்கச் சொன்னது. தனிக் குழாய், 'அலசல் நீர்' என்று எழுதி. ரத்தம் என்று நினைத்துச் சீரம் பிரிக்கப் போய்விடுவார்கள்.

மார்ச் 24, திங்கள்

அலசல் நீரில் 2,300. ரத்தத்தில் இன்றும் 0.1-க்குக் கீழே.

நான்கு வருடம்.

மார்ச் 26, புதன்

ஒன்பதாம் கட்டில், பிலிருபின் 1.9, சி.ஏ. 19-9 164. ஆயிரத்து நூற்று நாற்பதில் பெரும்பகுதி பித்தம்தான். புது சி.டி.யில் மேல் குடல்தமனியைச் சுற்றிக் கொழுப்பு சுத்தமாக இருக்கிறது. ஏப்ரல் 2.

ரெட் வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஒன்பதாம் கட்டில். விப்பிள், கணையத் தலையை எடுக்கும் அறுவை. கணையம் மெத்தென்று, நாளம் 2 மி.மீ. கசியும் என்று அப்போதே தெரிந்தது.

ஏப்ரல் 5, சனி

மூன்றாம் நாள் வடிகுழாயில் கணைய நொதி அமைலேஸ் 1,800, ரத்தத்தின் மேல் எல்லை 100. மூன்று மடங்கைத் தாண்டினால் கசிவு என்பது சரி. ஆனால் காய்ச்சல் இல்லை, வயிறு தளர்வாக இருக்கிறது, அழற்சி காட்டும் சி.ஆர்.பி. 190-லிருந்து 110-க்கு இறங்குகிறது. இது ஆய்வக எண்ணில் மட்டுமுள்ள கசிவு, ஆளைப் பாதிக்கும் ஃபிஸ்டுலா இல்லை. குழாயை எடுக்காதீர்கள், பட்டினியும் போடாதீர்கள். நிறம் மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள், பழுப்போ சிவப்போ வந்தால் உடனே சி.டி.

ஏப்ரல் 8, செவ்வாய்

ரெட் வந்தது. கோடான் 634.

அம்மாவுக்கு ஒவ்வொரு வருடமும் மெட்டாநெஃப்ரின், கேல்சியம். கேல்சிடோனின் ஜூனில், மூன்று மாதம் ஆகட்டும், அதற்குள் எடுத்தால் இறங்கி முடிந்திருக்காது.

மகளுக்கு மே.

ஏப்ரல் 9, புதன்

சின்னவளுக்கு ரத்தம் எடுத்தாயிற்று. ஊதா மூடிக் குழாயில் 3 மி.லி., மரபணுவுக்கு. கேல்சிடோனினுக்குத் தனிக் குழாய், பனிக்கட்டியில். 8.40-க்குக் கிளம்பியது.