ஏஸ் ஜோடியையும் கவிழ்க்கத் தெரிந்தவர்கள்

கோவாவில் பனாஜியை ஒட்டி ஓடும் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் நான் போக்கர் டீலர். சீட்டைக் கலைத்துப் போடுவது, நடுவில் குவியும் பந்தயத் தொகையான பாட்டில் விழும் சிப்ஸை (பந்தய வில்லைகளை) எண்ணுவது, ஜெயித்தவர் பக்கம் அதைத் தள்ளுவது, இவ்வளவுதான் வேலை. ஆட்டத்தில் எனக்குப் பணமும் கிடையாது, யார் பக்கமும் கிடையாது. அப்படி உட்கார்ந்து பார்க்கும்போது ஒன்று நன்றாகப் புரிகிறது. பெரிய பணம் மோசமான சீட்டில் போவதே இல்லை. கையில் வரும் இரண்டு சீட்டு 7-2 என்றால் எல்லோரும் யோசிக்காமல் கவிழ்த்து விலகிவிடுகிறார்கள். பணம் போவது ஏஸ் ஜோடியிலும் ராஜா ஜோடியிலும் ஏஸ்-ராஜாவிலும்தான்.

ஊரில் ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு ஸ்கூட் தெரியும். கை சரியில்லை என்றால் ஆரம்பத்திலேயே கொஞ்சம் பாயின்ட் கொடுத்துவிட்டு விலகிவிடலாம். அது சுலபம், கையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். போக்கரில் கஷ்டமான ஸ்கூட் நடுவில் வருகிறது, அதுவும் நல்ல கையோடு.

கையில் ஏஸ் ஜோடி வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. நேரில் ஆடும் மேஜையில் மணிக்கு சுமார் 30 ஆட்டம் போடலாம். அப்படியென்றால் ஏஸ் ஜோடிக்காக ஒருவர் சராசரியாக ஏழு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். வந்தபின் அவருக்கு அது சீட்டாகத் தெரிவதில்லை, உழைத்ததற்கு வரவேண்டிய கூலியாகத் தெரிகிறது. விட மனம் வராததற்கு அந்தக் காத்திருப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆசை என்று சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

பிளைண்ட், அதாவது இருவர் கட்டாயமாக வைக்கும் தொடக்கப் பந்தயம், 100-200 ஆக இருந்த மேஜையில் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். ஓர் இளைஞர் 1,200-க்கு ஏற்றினார், மூன்று பேர் அதே தொகையை வைத்துக் கால் செய்தார்கள். பிளைண்டையும் சேர்த்து பாட்டில் 5,100. நடுவில் முதலில் திருப்பும் மூன்று பொதுச் சீட்டான ஃப்ளாப்பில் ஹார்ட்டின் 9, ஹார்ட்டின் 8, கிளாவர் 7. இளைஞர் 3,000 வைத்தார். இருவர் விலகினார்கள். மூன்றாமவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு வியாபாரி. வந்ததிலிருந்து டீ குடித்துக்கொண்டு சீட்டைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தவர், யாரையும் ஏமாற்றிப் பணம் பிடுங்க முயன்றதே இல்லை. அவர் நிதானமாக 10,000 வைத்தார்.

ஆட்டம் அந்த இடத்திலேயே மாறிவிட்டது. இளைஞர் கால் செய்தார். நான்காவது பொதுச் சீட்டான டர்னில் கிளாவர் 2. அவர் பணம் வைக்காமல் செக் சொன்னார், வியாபாரி மிச்சமிருந்த 22,000 மொத்தத்தையும் உள்ளே தள்ளினார். பாட்டில் அதையும் சேர்த்து 47,100. கால் செய்ய 22,000 வேண்டும். கணக்குப்படி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் அது கட்டுப்படியாகும். இளைஞர் வெகுநேரம் தன் சீட்டின் முனையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எதிரே இருந்தவரை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம் “ஏஸை எப்படிக் கவிழ்ப்பது?” என்று சொல்லிவிட்டுக் கால் செய்தார். வியாபாரி திருப்பிக் காட்டியது ஜாக்கி-10. 7 முதல் ஜாக்கி வரை ஐந்தும் வரிசையாகி, ஃப்ளாப்பிலேயே ஸ்ட்ரெய்ட் முடிந்துவிட்டது. இளைஞரைக் காப்பாற்றும் சீட்டு அந்தக் கட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. நான் கடைசிச் சீட்டான ரிவரைத் திருப்பியது வெறும் சடங்கு.

நாங்கள் வாய் திறக்கக் கூடாது. ஒருவருடைய கையை அவர் ஒருவர்தான் ஆட வேண்டும், டீலர் புருவத்தைத் தூக்கினாலே தப்பு. அது நியாயமான விதிதான், அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் சம்பளப் பணம் என்று முகத்திலேயே எழுதியிருக்கும் ஒருவர் அப்படி இழக்கும்போது எனக்கு மனசு கேட்காது.

ஏஸ் ஜோடி ஒரே ஒருவரை எதிர்த்தால், அவர் கையில் எது இருந்தாலும் சராசரியாக 85% ஜெயிக்கும். ஐந்து பேரை எதிர்த்தால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதாவது, மேஜையிலேயே சிறந்த கையாக இருந்தும் தோற்கும் வாய்ப்புதான் கொஞ்சம் அதிகம். ராஜா ஜோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் ஏஸ் விழுவது சுமார் 23%. ஏஸ்-ராஜா பார்க்க அழகு, ஆனால் ஃப்ளாப்பில் மூன்றில் இரண்டு தடவை அதற்கு ஜோடியே அமையாது. பகிர்ந்த நிமிடத்தில் இருந்த மதிப்பு, மூன்று சீட்டு விழுந்தபின் அப்படியே இருக்காது. நன்றாக ஆடுபவர்கள் ஒவ்வொரு சீட்டு விழும்போதும் தங்கள் கையைப் புதிதாக எடைபோடுவதைக் கண்கூடாகப் பார்க்கிறேன். அவர்கள் பார்வை தன் சீட்டில் இருக்காது, எதிராளியின் கையிலும் சிப்ஸ் வைக்கும் விதத்திலும் இருக்கும்.

அதற்காக நல்ல கையையெல்லாம் பயந்து கவிழ்ப்பதும் சரியில்லை. ஒன்பது பேர் மேஜையில் உங்களிடம் ராஜா ஜோடி இருக்கும்போது வேறு யாரிடமாவது ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு சுமார் 4%தான். ஃப்ளாப்புக்கு முன்னாலேயே ராஜாவைக் கவிழ்ப்பவர்களை நான் கெட்டிக்காரர்களாக நினைப்பதில்லை. பெரும்பாலும் அது முந்தின ஆட்டத்தில் பட்ட அடியின் பயம். கவிழ்ப்பதற்குக் காரணம் வேண்டும். அந்த வியாபாரி வைத்த 10,000 ஒரு காரணம். வெறும் நடுக்கம் காரணமாகாது.

ஃப்ளாப்புக்கு முன்னாலேயே ஏஸ் ஜோடியைக் கவிழ்ப்பது சரியாகும் இடமும் ஒன்று உண்டு: சாட்டிலைட் போட்டி. பரிசு பணமாக இருக்காது, பெரிய போட்டிக்கான நுழைவுச்சீட்டாக இருக்கும். பத்து நுழைவுச்சீட்டு, பதினொரு பேர் மிச்சம் என்று வையுங்கள். ஒருவரிடம் அடுத்த பிளைண்டுக்கே சிப்ஸ் போதாது. உங்களிடம் ஓரளவு இருக்கிறது. உங்களைவிட அதிகச் சிப்ஸ் உள்ள ஆள் எல்லாவற்றையும் வைத்து ஆல் இன் போகிறார், உங்கள் கையில் ஏஸ் ஜோடி. கால் செய்தால் ஆறேழு தடவைக்கு ஒரு தடவை நீங்கள்தான் பதினொன்றாவதாக வெளியே போவீர்கள். ஜெயித்தாலும் இரண்டாவது நுழைவுச்சீட்டு தரமாட்டார்கள். கவிழ்த்தால் அந்தச் சின்ன ஆள் போகும்வரை காத்திருந்தால் போதும்.

அப்படிப்பட்ட ஒரு கட்டத்தில் ஒரு பெண் ஏஸ் இரண்டையும் கவிழ்த்து என் பக்கம் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் சீட்டைக் காட்டும்படி கேட்டதும், ஆட்டம் முடிந்தபின் என்னைத் திருப்பச் சொன்னார். மேஜையே சத்தம் போட்டது. “எனக்கு நுழைவுச்சீட்டு போதும்” என்றார். இரண்டு ஆட்டம் கழித்துச் சிப்ஸ் குறைவாக இருந்தவர் வெளியேறினார். அந்தப் பெண் எழுந்து பெயர் பதிவு செய்யப் போனார்.