போனில் சொன்ன ‘ம்’

ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பையனின் லேப் ரிப்போர்ட்டில் ‘எம்.பி.ஓ. நெகட்டிவ்’, அதாவது மைலோபெராக்சிடேஸ் என்சைமைக் காட்டும் சாயம் பிடிக்கவில்லை, என்று எழுதியதில் தப்பில்லை. தப்பென்றால் அதற்குப் பிறகு போனில் சொன்ன ‘ம்’தான்.

“அப்போ லிம்ஃபாய்டுதானேண்ணே?” என்றார் இரவு ட்யூட்டி டாக்டர். லிம்ஃபாய்டு, மைலாய்டு என்பவை இந்தப் புற்றுநோயின் இரண்டு பெரிய வகைகள். ம் என்றேன். கேட்டேன் என்பதற்கும் ம்தான், ஆமாம் என்பதற்கும் ம்தான்.

ஸ்லைடு முழுக்க பிளாஸ்ட், அதாவது முதிராத ரத்த அணு. சைட்டோபிளாசம் கொஞ்சம், குருணை இல்லை, ஊசிபோன்ற ஆவர் ராடு ஒன்றுகூட இல்லை. ஆவர் ராடு இருந்தால் மைலாய்டு என்று அடித்துச் சொல்லலாம். இல்லையென்றால் எதுவும் சொல்ல முடியாது. எம்.பி.ஓ. சாயமும் அப்படித்தான். நூறு பிளாஸ்ட்டில் மூன்றிலாவது பழுப்புக் குருணை விழுந்தால் மைலாய்டு. மூன்றுக்குக் கீழே போனால் லிம்ஃபாய்டு என்று அர்த்தமில்லை. எம்0, எம்7, மோனோபிளாஸ்ட் போன்ற மைலாய்டு வகைகளெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அன்றும் இது எனக்குத் தெரியும்.

சாயம் வேலை செய்ததா? கூடவே ஓட்டிய நார்மல் ஸ்லைடில் நியூட்ரோஃபில்கள், அதாவது இந்த என்சைம் உள்ள முதிர்ந்த வெள்ளணுக்கள், நன்றாகப் பழுப்பேறியிருந்தன. ஆனால் அந்த ஸ்லைடு அன்று போட்டது. தோட்டத்து கிளினிக்கிலிருந்து வந்த ஸ்லைடு முந்தாநாள் போட்டது. வெளிச்சத்திலும் நாள்பட்டும் அந்த என்சைம் மங்கும். அதிலேயே நியூட்ரோஃபில் இருந்தால் அதுதான் நம்பகமான சாட்சி. தேடித்தேடி இரண்டு கிடைத்தன, இரண்டும் பழுப்பு. இரண்டை நம்பலாமா? அன்று நம்பினேன். பழைய ஸ்லைடிலும் பிடிக்கும் சூடான் பிளாக் சாயத்தைப் போட்டுப் பார்த்திருக்கலாம். போட்டிருந்தாலும் விடை மாறியிருக்காது என்பது பிறகு தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஃப்ளோ, அதாவது செல்லின் புரத அடையாளங்களைப் பார்க்கும் சோதனையின் முடிவு, வந்தது: மைலாய்டு அடையாளங்களான சி.டி.13, 33, 117 பாசிட்டிவ். லிம்ஃபாய்டு அடையாளங்களான சி.டி.19, சி.டி.79ஏ, செல்லுக்குள் சி.டி.3 எதுவும் இல்லை. எம்0. சாயத்தில் சிக்காத மைலாய்டு என்பதால்தான் லுகேமியாவை வகை பிரித்த எஃப்.ஏ.பி. குழு 1991-ல் இதற்குத் தனி இடம் கொடுத்தது. ஆக என் ஸ்லைடு பொய் சொல்லவில்லை.

ஃப்ளோ வந்த பிறகுதான் கீமோ தொடங்கியது. என் ‘ம்’ ஒரு மருந்தையும் மாற்றவில்லை. இதைப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் வீட்டாரிடம் ஒரு பெயர் அன்றிரவே போய்விட்டது. அடுத்த வாரம் கவுண்டரில் பையனின் அம்மா, “அன்னைக்கு வேற பேரு சொன்னாங்களே தம்பி?” என்று கேட்டார். டாக்டரைக் கேளுங்கம்மா என்றேன். அது விதிப்படி சரியான பதில்தான்.

இப்போதெல்லாம் நெகட்டிவ் ரிப்போர்ட்டின் கீழே கையால் ஒரு வரி எழுதுகிறேன்: ‘இதை வைத்து லிம்ஃபாய்டு என்று கொள்ள வேண்டாம், ஃப்ளோவுக்கு அனுப்பவும்.’ அதைப் படித்துவிட்டும் போன் வருகிறது.