கட்ஆஃபுக்கு முன்னும் பின்னும்: அரசுப் பள்ளியிலிருந்து பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிறவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 2019இல் கலந்தாய்வு மூலம் பொறியியல் சேர்ந்தேன். அதற்குப் பிறகு கோடைதோறும் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட உதவிவருகிறேன். நான் பார்த்தவரை, எங்கள் பிள்ளைகள் மதிப்பெண் இல்லாமல் இழந்ததைவிட, உரிய நேரத்தில் எடுத்துச்சொல்ல ஆள் இல்லாமல் இழந்ததுதான் அதிகம். நகரத்தில் ஒரு சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ போகிற போக்கில் சொல்லிவிடும் செய்தி, இங்கே ஓர் ஊருக்கே தெரியாமல் போய்விடுகிறது.

எல்லாம் பிளஸ் 1 சேர்க்கையிலேயே தொடங்குகிறது. கணிதமும் இயற்பியலும் வேதியியலும் இல்லாத பிரிவில் சேர்ந்துவிட்டால் பெரும்பாலான பொறியியல் படிப்புகளின் கதவு பதினைந்து வயதிலேயே மூடிவிடும். பக்கத்துப் பள்ளியில் கணிதப் பிரிவு இல்லை என்றால், இருக்கிற பிரிவில் மகளைச் சேர்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட அப்பாக்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். பஸ் பாஸ் இலவசம்; அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போய்வரட்டும்.

கலந்தாய்வில் தரவரிசைக்கு எடுக்கும் மதிப்பெண்தான் கட்ஆஃப். அது 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மூன்றும் பிளஸ் 2 மதிப்பெண்ணிலிருந்து மட்டும்தான். அதனால்தான் பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தைப் பேருக்கு நடத்திவிட்டு, பிளஸ் 2 புத்தகத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் 1 பொதுத்தேர்வு வந்தது. அதை எழுதிய முதல் ஆண்டு மாணவர்கள் நாங்கள். மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது சரி. ஆனால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பொதுத்தேர்வு இருந்தபோதே எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் ஒருவரை அமர்த்துவதற்குள் பாதி ஆண்டு ஓடிவிட்டது. இனி பிளஸ் 1 வகுப்பு நடக்கவில்லை என்றால் யார் கேட்பார்கள்? தேர்வு இல்லை என்பதற்காக அந்தப் புத்தகத்தை ஒதுக்கிவைத்துவிடாதீர்கள். அதன் அருமை கல்லூரி முதல் செமஸ்டரில் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது சான்றிதழ்கள். தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் பிளஸ் 2 தேர்வு முடிந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒன்றாகப் போய் நிற்பார்கள். ஆதாரில் அப்பா பெயர் ஒரு மாதிரி, மாற்றுச் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் அதைத் திருத்தவும் நாள் பிடிக்கும். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கல்விக் கட்டணத்தில் 25,000 ரூபாய் வரை அரசு ஏற்கிறது. கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இது கிடைக்காது. நான் படித்ததே இந்தச் சலுகையில்தான்.

எனக்குக் கிடைக்காதது, உங்களுக்குக் கிடைப்பது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021இலும் வந்தது. பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எந்த வகுப்பு எந்தப் பள்ளி என்பதற்குத் தலைமையாசிரியரிடம் முன்பே சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிபந்தனையில் ஓர் அநியாயம் இருக்கிறது. எங்கள் பக்கம் பல ஊர்களில் எட்டாம் வகுப்பு வரை இருப்பது அரசு உதவி பெறும் பள்ளி மட்டும்தான். அங்கே படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு 7.5 சதவீதம் கிடையாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு உண்டு. இரண்டு பேருக்கும் அதே கூலி வேலை, அதே ஓட்டு வீடு. மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்த அரசு, இதிலும் சேர்க்க வேண்டும். அதுவரை, ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கை இப்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி விண்ணப்பம். கணினி மையத்தில் பதிவு செய்யும்போது உங்கள் வீட்டுக் கைபேசி எண்ணையே கொடுங்கள். எங்கள் ஊர்த் தங்கை ஒருத்திக்கு மையக்காரர் தன் எண்ணைப் பதிந்துவிட்டார். ஓடிபி அவருக்கே போனது. விருப்பப் பட்டியலையும் அவரே நிரப்பினார். ஏழெட்டுக் கல்லூரிகள், எல்லாம் ஒரே பக்கத்துத் தனியார் கல்லூரிகள். அவள் கட்ஆஃபுக்குக் காரைக்குடி அல்லது திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் கிடைத்திருக்க வாய்ப்பு இருந்தது. பட்டியலைப் பார்த்தபோது அந்த இரண்டு ஊர்ப் பெயருமே அதில் இல்லை. அதற்குள் கலந்தாய்வில் அவளுடைய சுற்று முடிந்திருந்தது.

விருப்பப் பட்டியலுக்கு உச்சவரம்பு கிடையாது. முந்தைய ஆண்டுகளில் உங்கள் இனப் பிரிவுக்கு எந்தக் கல்லூரி எந்தக் கட்ஆஃபில் முடிந்தது என்பது இணையத்தில் இருக்கிறது. அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கட்ஆஃபுக்கு மேலே உள்ளவற்றையும் ஆசைப்படுகிற வரிசையில் முதலில் போடுங்கள். கிடைக்காவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை, அடுத்ததற்குத்தான் போகும். சில அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பாடப்பிரிவு இரண்டு முறை வரும். ஒன்றின் பக்கத்தில் எஸ்.எஸ். என்று போட்டிருக்கும். அது சுயநிதி, கட்டணம் பல மடங்கு. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அதை ஏற்கிறீர்களா, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறீர்களா என்று குறித்த நாளுக்குள் உறுதிசெய்ய வேண்டும். சிக்னல் இல்லை, கரன்ட் இல்லை என்று விட்டால் இடம் போய்விடும். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள கலந்தாய்வு உதவி மையத்துக்கு நேரில் போங்கள்; பணம் வாங்காமல் உதவுவார்கள்.

இதே நாள்களில் ஏஜென்டுகள் வீடு தேடி வருவார்கள். அட்வான்ஸ் வேண்டாம், மார்க் ஷீட்டை மட்டும் கொடுங்கள் என்பார்கள். அசல் சான்றிதழ் கையை விட்டுப் போனால் நீங்கள் கலந்தாய்வுக்குப் போக முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். யார் கேட்டாலும் நகலைக் கொடுங்கள். “பணம் கட்டாமல் நல்ல காலேஜ் எப்படிப்பா கிடைக்கும்?” என்று என் அத்தையே கேட்டார். அவர் மகன் இப்போது அரசுக் கல்லூரியில் படிக்கிறான்.

சேர்ந்த பிறகு வருவது முதல் செமஸ்டர். நான் சேர்ந்த ஆண்டு, அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கணிதம்-1 தாளில் வகையிடலும் தொகையிடலும்தான் நிறைந்திருந்தன. பிளஸ் 1 புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவனுக்கு அது தெரிந்த கணக்கு. ஆனால் கரும்பலகையில் எல்லாம் ஆங்கிலம். நான் செய்தது இது: பிளஸ் 1, பிளஸ் 2 புத்தகங்களின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கணக்கை முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் எழுதிப் பார்த்தேன். இரண்டு பதிப்பிலும் கணக்கு எண் ஒன்றுதான் என்பதால் தேடவே வேண்டியதில்லை. பாடநூல் கழக இணையதளத்தில் இரண்டும் இலவசம். கல்லூரி திறக்கும்வரை கிடைக்கிற நாள்களை இதற்கே கொடுங்கள். முதல் செமஸ்டரில் அரியர் விழுந்தால் படிப்பை விட்டு ஊர் திரும்பிவிடலாமா என்று தோன்றும்; அப்படித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர்கூட மந்தமானவர் இல்லை.

7.5 சதவீதத்தில் வராதவர்கள் தங்குமிடத்துக்குத் தனியாக அலைய வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும் விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். அதற்கு விண்ணப்பம் தனி. கல்லூரி தானாகச் சேர்த்துவிடாது. சேர்க்கை நாளன்றே அலுவலகத்தில் படிப்புச் சான்று வாங்கிக்கொண்டு, அன்று மாலையே விடுதிக் காப்பாளரைப் போய்ப் பாருங்கள்.