5000-வது பைட்டுக்கு அப்பால்

தங்கச்சிமடத்தில் வீட்டிலிருந்தபடியே வேலை. என்ன வேலை என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டபோது, "கணினியில இருக்குற ஃபைலை வெட்டச் சொல்வேன் மாமா, வெட்டவிடாமலும் நானே தடுப்பேன். அப்புறம் என்ன ஆகுதுன்னு பார்ப்பேன்" என்றேன். "இதுக்குச் சம்பளம் வேறயா?" என்று கேட்டுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போனார்.

எங்கள் குழு அப்போது சொந்தமாக ஒரு ஃபைல்சிஸ்டம் (டிஸ்க்கில் கோப்புகளை வைத்துப் பராமரிக்கும் மென்பொருள்) எழுதிக்கொண்டிருந்தது. ட்ரங்கேட், அதாவது கோப்பின் வாலை வெட்டிச் சுருக்குவது, தோற்றால் என்ன நடக்கிறது என்று சோதிப்பது என் பங்கு. 8192 பைட் கோப்பு, முழுக்க 'எக்ஸ்' எழுத்து. அதை 5000-க்குச் சுருக்க வேண்டும். டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் துண்டான பிளாக்கின் அளவு 4096 என்பதால் இரண்டாவது பிளாக்கில் 904 பைட் மிஞ்சும், மீதி 3192 பைட்டைப் பூஜ்யமாக்க வேண்டும். அதற்கு முதலில் அந்த பிளாக்கைப் படித்தாக வேண்டும். டிஸ்க்குக்கு முன்னால் நின்று வேண்டிய இடத்தில் பிழை வரவைக்கக்கூடிய டிவைஸ் மேப்பர் என்ற லினக்ஸ் வசதியில் அந்த இடத்தை மட்டும் 'எரர்' என்று மாற்றிவிட்டேன். ட்ரங்கேட் தோற்க வேண்டும்.

தோற்கவே இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், அப்போதுதான் எழுதிய கோப்பு நினைவகத்தில் நகல் வைக்கும் பேஜ் கேஷில் சுடச்சுட இருந்திருக்கிறது. டிஸ்க் பக்கம் யாரும் போகவேயில்லை. சிங்க் செய்து (எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதவைத்து), கேஷைக் காலி செய்ததும் ஈஐஓ என்ற படிக்க-எழுத முடியாத பிழை வந்தது. பிழை வந்துவிட்டதே என்று 'பாஸ்' போட்டு மூடினேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. உப்புக்காற்றில் யூபிஎஸ் முனைகள் பச்சை பூத்துக் கிடந்ததால் கணினியும் கூடவே போனது. அப்போது பெரிய இமேஜ் கோப்பு ஒன்றைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். திரும்ப ஏற்றியபோது கெர்னல் லாகில் (இயங்குதளத்தின் குறிப்பேட்டில்) ஒரு வரி: ஒரு ட்ரங்கேட் சரிசெய்யப்பட்டது என்று. என் கணினியில் இருந்த ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல்சிஸ்டம் வெட்டத் தொடங்கும்போதே அந்த ஐநோடை (கோப்பின் விவரப் பதிவை) ஆர்ஃபன் என்ற பட்டியலில் குறித்துவைக்கிறது, பாதியில் நின்றிருந்தால் அடுத்த மவுண்டில், அதாவது டிஸ்க்கை மறுபடி இணைக்கும்போது, மிச்சத்தை முடிக்கிறது. என் சோதனையோ பிழையைப் பார்த்ததும், அப்புறம் கோப்பு என்ன ஆனது என்று பார்க்காமலே கடையைக் கட்டிவிட்டது.

எங்கள் ஃபைல்சிஸ்டத்தில் சோதனையை மறுபடி ஓட்டினேன். ஈஐஓ வந்தது, சரி. கோப்பின் அளவைக் கேட்டால் 5000 என்கிறது! முடியவில்லை என்று சொல்லிவிட்டு அளவை மட்டும் மாற்றிவைத்திருக்கிறது. டிவைஸைப் பழையபடி ஆக்கி, கோப்பை 8192-க்கு நீட்டி, கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் ஓடி (od) கட்டளையில் பார்த்தேன். 5000-க்கு அப்பால் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ், எக்ஸ், எக்ஸ். வெட்டி எறிந்ததாக நினைத்தது அப்படியே எழுந்து வந்துவிட்டது.

அந்த ட்ரங்கேட் பகுதியை எழுதியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "டிஸ்க்கே போன பிறகு எது எப்படி இருந்தா என்ன?" என்றார். கெட்டது ஒரே ஒரு பிளாக், டிஸ்க் இல்லை, அதுவும் திரும்ப வரலாம் என்று வாதாட ஒரு மதியம் ஆனது. திருத்தம் என்னவோ சின்னதுதான்: பூஜ்யமாக்கிவிட்டு அளவைக் குறை. வரிசையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

யூபிஎஸ்ஸை மட்டும் இன்னும் சரிசெய்யவில்லை. அது அப்படி இருப்பதுதான் என் வேலைக்கு உதவி என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேரு" என்றார்.