ஒற்றை ‘ஓ’ போட்ட லூஸ்

எல், ஓ, எஸ், ஈ. நான்கே எழுத்து. சாவியைத் தொலைத்தாலும், ஆட்டத்தில் தோற்றாலும், வேலை பறிபோனாலும், உடம்பு இளைத்தாலும் ஆங்கிலத்துக்கு இந்த ஒரு ‘லூஸ்’ போதும். தமிழில் இதற்கெல்லாம் தனித்தனி வினை இருக்கிறது. ஒரே சொல் இத்தனை வேலை பார்ப்பதற்குக் காரணம், அது பிறப்பிலேயே ஒரு சொல் இல்லை என்பதுதான்.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று ‘லோசியன்’. அழிந்துபோ, காணாமல் போ என்று பொருள். அழிவைக் குறித்த ‘லோஸ்’ என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. இந்த வினைக்கு எழுவாய் தொலைந்துபோகும் பொருள்தான், தொலைப்பவர் அல்ல. ‘சாவி தொலைந்தது’ என்கிறோமே, அந்த வாய்பாடு. இன்னொன்று ‘லேயோசன்’. பெரும்பாலும் ‘ஃபோர்’ என்ற முன்னொட்டோடு ‘ஃபோர்லேயோசன்’ என்று வரும். ஒருவர் ஒன்றை இழப்பதைச் சொன்னது இதுதான். பிற்காலத்தில் முதல் சொல்லின் வடிவம் நிலைத்தது, இரண்டாவதன் பொருளும் அதற்குள் வந்து சேர்ந்தது.

இரண்டாவது சொல் உடனே மறைந்துவிடவில்லை. ‘லீஸ்’ என்று உருமாறிப் பல நூற்றாண்டுகள் உயிரோடு இருந்தது. 1611-இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளில் 1 இராஜாக்கள் 18:5-ஐப் பார்த்தால், மிருகங்களை இழக்காதபடி என்னும் இடத்தில் ‘லீஸ்’ என்றுதான் இருக்கும். பின்னால் வந்த பதிப்புகள் அதை ‘லூஸ்’ என்று மாற்றிவிட்டன.

அந்தப் பழைய வினை விட்டுச்சென்ற வாரிசு ‘ஃபோர்லார்ன்’. கைவிடப்பட்ட, நாதியற்ற என்று இன்று பொருள். அடிப்படையில் இது ‘ஃபோர்லேயோசன்’ வினையின் இறந்தகால எச்சமான ‘ஃபோர்லோரன்’. அடிச்சொல்லில் ‘ஸ’ இருக்க, எச்சத்தில் ‘ர’ எப்படி வந்தது? ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் எல்லாம் அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் மிகப் பழைய காலத்தில் சொல்லின் அழுத்தம் எந்த அசையில் விழுந்தது என்பதைப் பொறுத்து ‘ஸ’ சில வடிவங்களில் ‘ர’ ஆனது. டென்மார்க் மொழியியலாளர் கார்ல் வெர்னர் 1870-களில் கண்டறிந்த விதி இது. தினமும் புழங்கும் ‘ஐ வாஸ்’, ‘வீ வேர்’ ஜோடியிலும் இதே மாற்றம்தான். ஜெர்மன் இன்னும் வேடிக்கை. இழப்பதற்கு ‘ஃபெர்லீரன்’ என்று ‘ர’ போடுவார்கள், இழப்புக்கு ‘ஃபெர்லுஸ்ட்’ என்று ‘ஸ’ போடுவார்கள்.

‘ஃபோர்லார்ன் ஹோப்’ என்ற தொடரைக் கண்டால் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்த ‘ஹோப்’புக்கும் நம்பிக்கைக்கும் உறவே கிடையாது. டச்சு மொழியின் ‘ஃபெர்லோரன் ஹோப்’, அதாவது இழந்துபோன கூட்டம். கோட்டையைத் தாக்க முதலில் அனுப்பப்படும் படைப்பிரிவுக்குப் பெயர் அது. திரும்பி வருவது அரிது. ஒலி ஒத்துப்போனதால் ஆங்கிலக்காரர்கள் அதை ‘வீண் நம்பிக்கை’ ஆக்கிவிட்டார்கள்.

‘கேர்லெஸ்’, ‘ஹோம்லெஸ்’ போன்றவற்றின் ‘லெஸ்’ விகுதியும் இதே குடும்பம். ‘இல்லாத, விடுபட்ட’ என்று பொருள்பட்ட ‘லேயாஸ்’ என்ற பழைய சொல் அது. குறைவு என்று பொருள்படும் தனிச்சொல் ‘லெஸ்’ வேறு வேரிலிருந்து வந்தது. ஆகவே ‘கேர்லெஸ்’ என்றால் ‘கவனம் குறைந்த’ என்று பிரித்துக் காட்டுவது பிழை. ‘கவனம் அற்ற’ என்பதே சரி.

இன்னும் பின்னால் போனால், அவிழ்த்தல், பிரித்தல் என்னும் பொருளுள்ள ‘லெயு’ என்ற இந்தோ-ஐரோப்பிய வேர் வரும். ஆங்கிலம், கிரேக்கம், லத்தீன் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை மொழியின் வேர் அது. கிரேக்கம் வழியாக ‘அனாலிசிஸ்’, ‘பராலிசிஸ்’, ‘டயாலிசிஸ்’ வந்தன. இவற்றில் வரும் ‘லிசிஸ்’ அவிழ்ப்பதுதான். லத்தீன் வழியாக ‘சால்வ்’, ‘டிசால்வ்’. சிக்கலைத் தீர்ப்பதும், உப்பு நீரில் கரைவதும், சாவி தொலைவதும் வேரளவில் பங்காளிகள்.

இரட்டை ‘ஓ’ போட்ட ‘லூஸ்’, அதாவது தளர்வான, இறுக்கமில்லாத என்பது, வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘லவுஸ்’ என்பதிலிருந்து வந்தது. உறவுதான், ஆனால் வேறு கிளை. ஸ்க்ரூ கழன்ற பொருளில் நாம் திட்டும் ‘லூசு’ இந்தக் கிளையைச் சேர்ந்தது. எழுத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே சகஜம். ‘ச்சூஸ்’ என்பதில் இரண்டு ‘ஓ’ இருப்பதால் கை தானாக இங்கும் இரண்டு போட்டுவிடுகிறது. ‘லாஸ்’, ‘லாஸ்ட்’, ‘லூசர்’ எல்லாவற்றிலும் ஒற்றை ‘ஓ’தான் என்று பிடித்துக்கொண்டால் தப்பாது. உச்சரிப்பிலும் வேறுபாடு உண்டு. இழக்கும் ‘லூஸ்’ வண்டு முரல்வது போன்ற இசட் ஒலியில் முடியும். தளர்ந்த ‘லூஸ்’ வெறும் எஸ் ஒலியில் முடியும். தமிழ் எழுத்தில் இது தெரியாது, காதால்தான் பழக வேண்டும்.

நம்மவர்கள் அடிக்கடி தடுக்கும் இடம், ‘மை ஃபோன் லாஸ்ட்’. ‘ஃபோன் தொலைந்தது’ என்பதை அப்படியே வைப்பதால் வருவது. ‘லோசியன்’ காலத்தில் இந்த வாய்பாடு செல்லுபடியாகியிருக்கும். இன்று ‘ஐ லாஸ்ட் மை ஃபோன்’ அல்லது ‘மை ஃபோன் இஸ் லாஸ்ட்’ என்றே சொல்ல வேண்டும். ‘ஐ லாஸ் இட்’ என்பதும் தவறு. ‘லாஸ்’ பெயர்ச்சொல், வினையாகாது. பஸ்ஸைத் தவறவிட்டால் ‘மிஸ்’ தான், ‘லூஸ்’ வராது. ஓர் அணியிடம் தோற்றால் ‘லாஸ்ட் டு’, எத்தனை கோல் வித்தியாசத்தில் என்பதற்கு ‘பை’.

‘அட் எ லாஸ்’ இரண்டு இடத்தில் வரும். சரக்கை விற்கும் பேச்சில் வந்தால் நஷ்டத்துக்கு விற்பது, ஆளைப் பற்றி வந்தால் என்ன செய்வதென்று புரியாமல் நிற்பது. ‘லாஸ்ட் இன்’ என்றால் ஒன்றில் மூழ்கிப்போவது. ‘லாஸ்ட் ஆன்’ என்றால் நாம் சொன்னது எதிராளியின் மண்டையில் ஏறவில்லை என்று பொருள். நகைச்சுவையைச் சொல்லிவிட்டு, கேட்டவர் சிரிக்காமல் விழித்தால் பயன்படுவது இரண்டாவதுதான்.