150 மீட்டர் ஆழம், வாஷ்பேசின் வரை

நேற்று ராத்திரி மேசையில் கிடந்த சீக்கோ 6309-ஐ எடுத்து லேசாக ரெண்டு ஆட்டு ஆட்டினேன். விநாடி முள் ஓட ஆரம்பித்துவிட்டது. கடலுக்குள் மூழ்குபவர்களுக்கான இந்த டைவர் வாட்சுக்குச் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது, கை அசைவுதான் சாப்பாடு.

பின்மூடியில் வரிசை எண் 23 என்று தொடங்குகிறது. முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். 1976 முதல் 1988 வரை வந்த மாடல், ஆக 1982 மார்ச்.

நேரம் திருத்தும் குமிழ் நாலு மணிப் பக்கம் இருப்பதால் மணிக்கட்டில் குத்தாது. டயலின் ஒளிப்பூச்சு மட்டும் மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. இருட்டில் ஒன்றும் தெரியாது. புதிதாகப் பூசித் தரட்டுமா என்று கேட்டார் வாட்ச் ரிப்பேர்க்காரர். தொடவே கூடாது என்றுவிட்டேன்.

டயலில் 150 மீட்டர் என்று ஜம்பமாகப் போட்டிருக்கிறது. உள்ளே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களின் வயதை நினைத்து, கை கழுவும்போதுகூடக் கழற்றி வைத்துவிடுகிறேன்.