740-ல் மாட்டிக்கொண்ட மாமா

எங்கள் காரில் சிடி போடுகிற வாயை என் பையன் உண்டியல் என்று நினைத்துவிட்டான். கால் டாலர் காசு ஒன்று உள்ளே போன நாளிலிருந்து ரேடியோ ஏஎம் 740-ஐ விட்டு நகர மாட்டேன் என்கிறது. எஃப்எம் கிடையாது, ப்ளூடூத் கிடையாது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அந்த மட்டும் புண்ணியம். பிரித்துப் பார்க்கவே 200 டாலர் ஆகும் என்றார் மெக்கானிக். என் வீட்டுக்காரர் 25 சென்ட்டை மீட்க 200 டாலரா என்று கணக்குப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

நாங்கள் இருப்பது வட கரோலைனாவில், வின்ஸ்டன்-சேலத்தில். 740 என்பது வடக்கே முக்கால் மணி நேரத் தூரத்திலுள்ள மவுண்ட் ஏரி ஊரின் டபிள்யூபிஏக்யூ. 1948-ல் ஆரம்பித்த நிலையம். ப்ளூகிராஸ் என்கிற அமெரிக்க மலைநாட்டு இசை, அதற்கும் மூத்த ஓல்ட்-டைம், இடையிடையே தேவாலயப் பாட்டு. முதல் வாரம் எனக்கு எல்லாம் ஒரே பாட்டாகத்தான் கேட்டது. ஃபிடில் என்பது நம் வயலின்தான், பேன்ஜோ தோல் போர்த்திய கம்பி வாத்தியம். ஃபிடிலை பேன்ஜோ துரத்தும், பேன்ஜோவை ஃபிடில் துரத்தும். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவும் அத்தையும் மாயவரத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்து இறங்கினார்கள். மாமா மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். கச்சேரி என்றால் உயிர். தொடையில் தாளம் போட்டால் மூன்று வரிசை தள்ளி இருப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் அரை மணி நேரம் பேசாமல் கேட்டார்.

"ஏம்மா, இவனுங்களுக்கு ஏதாவது ரயிலைப் பிடிக்கணுமா?"

"ரேடியோ ரிப்பேர் மாமா. வேற எதுவும் வராது."

"இருக்கட்டும், இருக்கட்டும். ஆதி தாளத்துல அம்சமா உட்காருது பாரு."

எட்டு எட்டாக எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒரு பகுதியை இரண்டு தடவை, அடுத்த பகுதியை இரண்டு தடவை, மறுபடி முதலிலிருந்து. அவருக்கு இருந்த ஒரே குறை, முத்தாய்ப்பாகத் தீர்மானம் வைக்காமல் பொசுக்கென்று முடித்துவிடுகிறார்கள் என்பதுதான்.

பத்து நாளில் நிலைமை கை மீறியது. காலையில் காபியை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும் காருக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு புதன்கிழமை பேட்டரி உயிரை விட்டது. அன்று என் வீட்டுக்காரருக்கு ஒன்பது மணி மீட்டிங். பக்கத்து வீட்டுக்காரர் ஜம்பர் கேபிளோடு ஓடி வந்து, பானெட்டைத் திறந்தபடி, யார் விளக்கை அணைக்காமல் விட்டது என்று கேட்டார். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. "பேன்ஜோ" என்றார் மாமா.

பொழுது சாய்ந்தால் இன்னொரு கூத்து. மவுண்ட் ஏரி நிலையம் ராத்திரியில் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அதே 740-ல் டொராண்டோ நிலையத்தின் 50,000 வாட்ஸ் வானத்தில் மோதி இங்கே வந்து விழும். கனடாக்காரரின் குரல் மெல்ல ஏறி வர, ஃபிடில் கரைந்து போகும். எனக்கு எரிச்சல், மாமாவுக்கோ பரமானந்தம். சின்ன வயதில் மாயவரத்தில் இலங்கை வானொலியை இப்படித்தான், போவதும் வருவதுமாகப் பிடித்துக் கேட்டாராம்.

மவுண்ட் ஏரியில் சனிக்கிழமை மத்தியானம் ஏர்ல் தியேட்டர் மேடையிலிருந்தே 'மெர்ரி-கோ-ரவுண்ட்' என்று நேரடி ஒலிபரப்பு. நிலையம் ஆரம்பித்த 1948-லிருந்து நடக்கிறது. மாமாவை எப்படி நிறுத்துவது? அத்தைக்கு முட்டி வலி, டேப்லெட்டில் கேட்டுக்கொள்கிறேன் என்று வீட்டில் தங்கிவிட்டார்.

52-ஆம் ஹைவேயில் பைலட் மவுண்டன் மலை தலையில் தொப்பி வைத்த மாதிரி தெரிய ஆரம்பித்ததும், பின் சீட்டிலிருந்து நான் ஃபோனைப் பார்த்து வாசித்தேன். 1930-களில் சார்லட்டில் டபிள்யூபிடி நிலையத்தில் இந்த இசைக்குப் பணம் போட்டவர்கள் 'கிரேசி வாட்டர் கிரிஸ்டல்ஸ்' என்கிற பேதி உப்புக் கம்பெனிக்காரர்கள். பின்னாளில் ப்ளூகிராஸின் தகப்பன் என்று பெயரெடுத்த பில் மன்றோவே அண்ணனோடு சேர்ந்து அந்த உப்புக்காகப் பாடியிருக்கிறார். மெக்சிகோ எல்லையில் இன்னொரு நிலையம், அதன் முதலாளி ஆட்டு விதையை ஆண்களுக்கு ஒட்டு வைத்த 'டாக்டர்' பிரிங்க்லி. அந்தக் கால நாட்டுப்புறப் பாடகர்களான கார்ட்டர் குடும்பத்தார் பாடிப் புகழ் பரப்பியது அங்கேதான்.

மாமா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்றது. "நம்ம ஊர் டிவியில ராத்திரி லேகியம் விக்கிறானே, அவன் நடுவுல நல்ல கச்சேரி ஒண்ணு வைக்கக் கூடாதா?"

தியேட்டரில் மாமா ஓடிப் போய் முன் வரிசையைப் பிடித்தார். மேடையில் ஐந்து பேர். ஃபிடில் வாசித்த பெரியவர் அதைத் தாடையில் இடுக்காமல் நெஞ்சில் சாய்த்திருந்தார். மாமா என் கையைக் கிள்ளினார். "பாத்தியா, நம்மாளு மாதிரி!" பேன்ஜோக்காரர் நகத்தின் முதுகால் கம்பியை மேலிருந்து தட்டிவிட்டு, கட்டை விரலால் ஐந்தாவது கம்பியைச் சுண்டினார். அது குட்டைக் கம்பி. அதை முறுக்கும் பிருடை மட்டும் தனியாகப் பாதிக் கழுத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது. "ஒரே சுருதியைப் பிடிச்சுக்கிட்டே இருக்கு பாரு. அது தம்புராம்மா. தம்புராவையே வாத்தியத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கான்."

இந்த ஓல்ட்-டைம் குழுவில் எல்லாரும் ஒன்றாகவே வாசித்தார்கள். அடுத்து வந்த ப்ளூகிராஸ் குழுவில் ஆளுக்கு ஒரு சுற்றாக முன்னால் வந்து வித்தை காட்டினார்கள். பேன்ஜோவில் மூன்று விரலுக்கு உறை மாட்டி மழையாகப் பொழிகிற வாசிப்பு. 1945-ல் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பில் மன்றோவோடு சேர்ந்தபோது நாஷ்வில் ரேடியோ கேட்டவர்களை வாய் பிளக்க வைத்தது அதுதான். மாமா தீர்ப்பு சொன்னார்: "முன்னது பஜனை, இது கச்சேரி." இத்தனை நாளாக நான் பிரித்துப் பார்க்கத் திணறிய விஷயம்!

தகராறு அப்புறம் ஆரம்பித்தது. கூட்டமே சீராகக் கை தட்டுகிறது. மாமா மட்டும் ஒன்று, ஐந்து, ஏழில் தொடையில் அடிக்கிறார். பக்கத்திலிருந்த வெள்ளைத்தலைப் பாட்டி முதலில் அவர் தடுமாறுகிறார் போலும் என்று கை தட்டிக் காட்டி உதவினார். மாமா விடுவாரா? சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று மடித்துக் காட்டினார். மூன்றாவது பாட்டில் பாட்டியும் தன் தொடையில் அடி, விரல் எண்ணி, அடி, வீச்சு. ஃபிடில்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். நான் மேற்கூரை வேலைப்பாட்டை ரசிக்கிற மாதிரி அண்ணாந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அத்தை டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நடுவுல பட்டு பட்டுன்னு தொடையில அடிச்சது நீங்கதானே?"

"ரேடியோல அவ்வளவு தெளிவாவா கேட்டுச்சு?" என்றார் மாமா, முகமெல்லாம் பல்லாக.